டாக்டரம்மா நிறுத்தச் சொன்ன பால்

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கோயமுத்தூரிலிருந்து அவிநாசி போகிற ரோட்டில், கருமத்தம்பட்டியைத் தொட்டு உள்ளே திரும்பினால் வருகிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஆனால் நான் சொல்லப்போகும் சம்பவம் ஊரில் நடக்கவில்லை. கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மாவின் அறையில், நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது நடந்தது. அந்த நாலு பேர்தான் விஷயமே.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாத்தா காலத்தில் ஒரே குடும்பமாக இருந்து, பிறகு பாகம் பிரிந்தவர்கள் நாங்கள். பெரியப்பா பங்குக்கு வந்த கிணற்றில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. அவர்கள் கரண்ட் மோட்டார் வைத்தார்கள், கரும்பு போட்டார்கள், கார் வாங்கினார்கள். எங்கள் கிணறு பாறையைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. அப்பா காளைகளை விற்றுவிட்டு, கருமத்தம்பட்டியில் ஒருவருடைய விசைத்தறிக் கொட்டகைக்குத் தறி ஓட்டப் போனார். அம்மா கூலிக்குக் களையெடுக்கப் போனாள், அதுவும் பக்கத்து ஊர்களுக்கு. உள்ளூரில் யாருடைய வயற்காட்டிலும் இறங்கமாட்டாள். அம்மா பிறந்த வீடு பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த வீடு. அந்தப் பெருமை அவளிடம் மிச்சம் இருந்தது. அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது என்றும் சொல்லலாம்.

எங்கள் வீட்டில் ஊருக்குச் சொல்லும் சாப்பாடு ஒன்று, உள்ளே சாப்பிடும் சாப்பாடு ஒன்று. உள்ளே சாப்பிடுவது ராகிக் களி, சோளச்சோறு, இல்லாவிட்டால் கம்பங்கூழ். ஊருக்குச் சொல்வது நெல்லுச்சோறும் பருப்பும். எங்கள் பக்கம் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பதே சாப்பாட்டைத்தான். "என்ன அம்மணி, இன்னைக்கு என்ன சோறு?" என்று யாராவது என்னைக் கேட்டால், "நெல்லுச்சோறுங்க, பருப்புங்க" என்று சொல்ல வேண்டும். பேச வந்த நாளிலிருந்து அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. வாய்ப்பாடு மாதிரி நன்றாகவே சொல்வேன். சில நாள் பருப்புக்கு மேலே நெய்யும் என் கணக்கில் ஊற்றிக்கொள்வேன்.

பள்ளிக்கூடத்தில் அப்போது மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பித்திருந்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் அண்டாவில் வேகிற அந்தச் சோற்று வாசனை கணக்குப் பாடத்துக்குள் வந்துவிடும். ஆனால் நான் அங்கே தட்டு ஏந்தக் கூடாது. அது இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு என்பது அம்மாவின் கட்சி. மணி அடித்ததும் நெல்லுச்சோற்றைத் தாண்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடிப்போய் களி தின்றுவிட்டு ஓடிவருவேன். இதை இன்று என் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். அன்று எனக்கு இதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டில் ஒரு எருமை இருந்தது. நல்ல கறவை. விடிகாலையில் அம்மா கறந்து முடிப்பதற்கும், கருமத்தம்பட்டி ஓட்டலுக்குப் பால் எடுக்கிறவர் சைக்கிளில் வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கும். கறந்த பால் அப்படியே அவருடைய தூக்குப் பாத்திரத்துக்குப் போய்விடும். சொம்பைக் கழுவிய தண்ணீரை எருமைத் தொட்டியில் ஊற்றிவிடுவாள். நாலைந்து கோழிகளும் இருந்தன. முட்டைகளை உமிக்குள் புதைத்து வைத்திருந்து, சந்தை நாளில் கொண்டுபோவாள். இதெல்லாம் கொடுமை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பால் என்பது ஓட்டலுக்குப் போகிற பொருள், முட்டை சந்தைக்குப் போகிற பொருள், அவ்வளவுதான். வாசலில் காய்கிற பருத்தியை யாராவது தின்ன நினைப்பார்களா? எங்களுக்குப் பாலும் அப்படித்தான். வீட்டில் குடிப்பது பால் விடாமல் கருப்பட்டி போட்ட வரக்காப்பி.

என் தம்பிக்கு அப்போது மூன்று வயது இருக்கும். அம்மா வேலைக்குப் போவதால் அவன் என் இடுப்பிலேயே வளர்ந்தவன். அவனுக்குச் சோறு ஊட்டுவது, கழுவிவிடுவது, தூங்கவைப்பது எல்லாம் நான்தான். ஒரு வெயில் காலத்தில் அவனுக்கு மணல்வாரி அம்மை போட்டு இறங்கியது. அதற்குப் பிறகு களியை வாயில் வைத்தால் துப்பினான். சோளச்சோறும் வேண்டாம். குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து மசித்துக் கொடுத்தால் தின்பான், மேலே கொஞ்சம் வரக்காப்பி குடிப்பான். ஏதோ இறங்குகிறதே என்று நானும் மூன்று வேளையும் அதையே கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் அவன் கன்னம் உப்பிப் பளபளவென்று ஆனது. பார்த்தவர்கள் எல்லாரும், பையன் நல்லா சதை போட்டுட்டான் என்றார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கண் பட்டுவிடும் என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். ஆனால் அவன் விளையாடவில்லை. வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். தலைமுடி செம்பட்டை ஆகிக்கொண்டு வந்தது. எதற்கும் சிணுங்கினான், பிறகு சிணுங்குவதையும் விட்டுவிட்டான்.

ஒரு நாள் பெரியம்மா, அதாவது அந்தக் கார் வைத்திருந்த பெரியப்பாவின் மனைவி, ஏதோ விசேஷத்துக்கு அழைக்க வந்தவர், அவனைத் தூக்கிக் கொஞ்சினார். பாதத்தை அழுத்திப் பிடித்தவர் கையை எடுத்ததும் அங்கே குழி விழுந்து, மேலே வராமல் அப்படியே நின்றது. அவர் முகம் மாறிவிட்டது. "இது சதையில்ல அம்மணி, நீரு. நாளைக்கே நம்ம டாக்டரம்மாகிட்டக் காட்டிப்போடலாம், நா கார் அனுப்பறேன்" என்றார். அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள். பெரியம்மா விடவில்லை. அவர் நல்ல மனுஷி. அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதையில் அவர் பேரில் குற்றம் எதுவும் இல்லை.

நான் முதன்முதலாகக் காரில் ஏறியது அன்றுதான். தம்பி மடியில் துவண்டு கிடந்தான், நானோ ஜன்னல் வழியாக என் வகுப்புப் பிள்ளைகள் யாராவது பார்க்கிறார்களா என்று தேடிக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா கோயமுத்தூர்க்காரர், கிறிஸ்தவர், வெள்ளைச் சேலையும் மூக்குக் கண்ணாடியும் போட்டிருப்பார். கூட்டம் அதிகம் என்பதால் நாலைந்து பேரை ஒன்றாக உள்ளே விட்டு பெஞ்சில் உட்காரவைப்பார்கள். ஒருவருக்குப் பார்க்கும்போது மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பெரியம்மா அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். டாக்டரம்மா தம்பியின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், முடியை விரலில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "ஏனுங்கம்மா, பையனுக்கு என்ன சாப்பாடு குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

வேறு யாராவது கேட்டால் சொல்வது போலவே அம்மா சொல்ல ஆரம்பித்தாள். காலையில் பாலுங்க, மத்தியானம் நெல்லுச்சோறு, பருப்பு, நெய்யுங்க, நாள் விட்டு நாள் முட்டைங்க. குரலில் ஒரு தடுக்கல் இல்லை. டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, நிஜமாகவா என்று இன்னொரு முறை கேட்டார். அம்மா பெரியம்மா பக்கம் திரும்பாமலே, "எங்கூட்டுலயே எருமை இருக்குதுங்க, கோழி இருக்குதுங்க. குடுக்காம என்ன பண்றமுங்க?" என்றாள்.

டாக்டரம்மா தம்பியின் வயிற்றை மறுபடியும் அமுக்கிப் பார்த்துவிட்டு ஏதேதோ சொன்னார். அந்த வயதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இத்தனையும் சாப்பிட்டும் பிள்ளை வீங்குகிறான் என்றால் ஈரலில்தான் கோளாறு இருக்க வேண்டும். அதனால் பால், நெய், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் சுத்தமாக நிறுத்திவிட வேண்டும். கஞ்சியும் சர்க்கரைத் தண்ணீரும் மட்டும் கொடுத்து, ஒரு மருந்தையும் ஊற்றி, சில நாள் கழித்துக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா டாக்டரம்மா சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தாள். கிழங்கை நிறுத்தினாள். எப்போதாவது கொள்ளு வேகவைத்தால் அந்தத் தண்ணீரை மட்டும் தம்பி ஆசையாகச் சப்பிக் குடிப்பான். அதையும் பருப்பு வகை என்று நிறுத்தினாள். பால் சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் ஒரு நாள் கேட்டேன். "ஏம்மா, இவன் குடிக்காத பாலை எப்படி நிறுத்தறது?"

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "டாக்டரம்மா சொன்னதத்தான செய்யறோம். நீ வாய மூடிட்டு இரு" என்றாள். பிறகு கழுவிய சொம்பையே மறுபடியும் கழுவினாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. மருந்து எப்படியும் குணமாக்கிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டுமென்றால் டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னால் போதாதே, பெரியம்மாவுக்கு முன்னால் அல்லவா சொல்ல வேண்டும்!

தம்பி குணமாகவில்லை. காலில் தோல் உரிந்தது. கண்ணைத் திறக்கவே சங்கடப்பட்டான். மறுபடியும் கார் வந்தது, பெரியம்மாவும் வந்தார். இந்த முறை நான் ஜன்னல் வழியாக யாரையும் தேடவில்லை.

டாக்டரம்மா அவனைப் பார்த்ததும் பதறிவிட்டார். பாலை நிறுத்தினீர்களா என்று கேட்டார். சுத்தமா நிறுத்திட்டனுங்க என்றாள் அம்மா. முட்டை? அதுவும் நிறுத்திட்டனுங்க. அம்மா சொன்னது அத்தனையும் அன்று உண்மை. டாக்டரம்மா தலையைப் பிடித்துக்கொண்டார். அப்படியும் வீக்கம் ஏறுகிறதே, பிள்ளை தாங்கமாட்டானே என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

தாங்கமாட்டான் என்ற சொல் என் காதில் விழுந்தது. தம்பி என் தோளில் தலையைச் சாய்த்திருந்தான். வழக்கமாக என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொள்கிறவன். அன்று அவன் கை என் முதுகில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு இரு என்று அம்மா சொன்னது ஞாபகம் இருந்தும் வாய் திறந்துகொண்டது.

"ஏனுங்க டாக்டரம்மா, இவன் பாலே குடிச்சதில்லீங்க. எங்கூட்டுப் பாலு ஓட்டலுக்குப் போயிருமுங்க. முட்டை சந்தைக்குப் போயிருமுங்க."

டாக்டரம்மா என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். இவனுக்கு யார் ஊட்டுவது என்று கேட்டார். நானுங்க என்றேன். அம்மை இறங்கினதிலிருந்து என்ன ஊட்டினாய் என்று கேட்டார். கிழங்குங்க, வரக்காப்பிங்க. வேறு? வேறொண்ணுமில்லீங்க. நெல்லுச்சோறு எப்போது போடுவீர்கள்? நோம்பி, பண்டிகைக்குங்க. வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டு எனக்குச் சரியான பதில் தெரிந்திருந்தால் எப்படிச் சொல்வேனோ, அதே குரலில், நிமிர்ந்து நின்று, பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கடைசியில் டாக்டரம்மா என்னைத் தட்டிக்கொடுப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அப்புறம்தான் அம்மாவைப் பார்த்தேன். குனிந்த தலை குனிந்தபடி இருந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இருந்த பெண்கள் அவளையே பார்த்தார்கள். பெரியம்மா மட்டும் பார்க்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது மரியாதை என்று இப்போது புரிகிறது. ஆனால் அம்மாவை எல்லாவற்றையும் விட அதிகமாகக் குத்தியது அதுவாகத்தான் இருக்கும்.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்கம்மா வெக்கம்?" என்றார் டாக்டரம்மா. கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஊட்டுல எல்லாம் இருக்குதுங்க."

அதுவும் பொய்யில்லை. பால் இருந்தது, முட்டை இருந்தது. தம்பியின் வாய்க்கு வருவதற்குள் எல்லாம் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, நிறுத்தச் சொன்னதை எல்லாம் கொடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. கொஞ்சம் கொஞ்சமாகப் பால், பருப்புத் தண்ணீர், முட்டை. சத்தில்லாமல் வந்த வீக்கம் இது, இதுதான் இவனுக்கு மருந்து என்றார். திரும்பி வரும்போது காரில் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று தெரிந்தது, என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் பெரியம்மா வீட்டிலிருந்து ஆள் மூலமாக ஒரு தூக்கு நிறையப் பால் வந்தது. அம்மா அதை வாங்கித் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினாள். எங்கூட்டு எருமையே கறக்குதுங்க என்று சொல்லச் சொன்னாள். அதற்கு மறுநாள் விடியலில் கறந்த பாலிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து அடுப்படியில் ஒளித்து வைத்தாள். சைக்கிள்காரர் என்னங்க பால் கொறையுது என்று கேட்டார். "கன்னுக்குட்டி ஊட்டிப்போட்டுதுங்க" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு தினமும் எங்கள் கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு போய்ப் பாலைக் குடித்துக்கொண்டே இருந்தது. பாவம், அந்தக் கன்று கட்டிப்போட்ட இடத்திலேயே நின்றுகொண்டு எங்களைப் பார்க்கும்.

தம்பி பிழைத்தான். முதலில் வீக்கம் வடிந்து எலும்பும் தோலுமாக ஆனான், பிறகு மெல்லத் தேறினான். முடி கறுத்தது. கழுத்தைக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தான்.

அம்மா என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அதற்குப் பிறகு யாராவது வந்து என்ன சோறு என்று கேட்டால், அம்மா முதலில் என்னைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். பெற்ற தாய் என் வாய்க்குப் பயந்தாள். ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்கு யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு எழுதும்போதும் முகம் சூடாகிறது. நான் சொல்லாமல் இருந்திருந்தால் தம்பி இல்லை, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் குனிந்த தலையை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. நியாயம் வேறு, வெட்கம் வேறு போலிருக்கிறது.

ஒரு நாள் தம்பி அந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தான். மேலுதட்டில் நுரை. நான் என்னை அறியாமல் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அம்மா அதைக் கவனித்துவிட்டாள். அவள் முகம் மறுபடியும் அந்த டாக்டரம்மா அறையில் இருந்த மாதிரி ஆனது. டாக்டரம்மா தம்பியின் சாப்பாட்டைக் கேட்டார், என் சாப்பாட்டை யாரும் கேட்கவில்லையே! இன்னொரு டம்ளர் எடுத்தால் சைக்கிள்காரர் எந்தக் கன்றைச் சொன்னாலும் நம்பமாட்டார். நானே முந்திக்கொண்டேன். "எனக்கு வேண்டாம்மா, பால் நாத்தமடிக்குது" என்றேன். அம்மா என் தலையைத் தடவினாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் என்னைத் தொட்டது அன்றுதான்.

அதிலிருந்து எனக்குப் பால் ஆகாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி ஆகிவிட்டது. கல்யாணம் ஆகிப் போன இடத்தில் பாலுக்குக் குறைவில்லை. கோயமுத்தூர் கணபதியில் சொந்த வீடு, பிள்ளைகள் நல்ல வேலையில். ஆனாலும் இன்று வரை வரக்காப்பிதான். என் தம்பி இப்போதும் எங்காவது விருந்தில், அக்காளுக்குப் பால்னாலே ஆகாதுங்க என்று பந்தியில் பரிமாறுகிறவரைத் தடுப்பான். அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. நானும் சொன்னதில்லை. அம்மா போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது.

சமீபத்தில் வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்ததால், வீட்டுக்கு வந்திருந்த சம்பந்தியம்மாதான் என்னை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பு ரொம்பத் தேய்ந்திருக்கிறதே, பால் குடிப்பதுண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் பக்கத்தில் சம்பந்தியம்மா. என் மகன் வீட்டில் எனக்குப் பால்கூட இல்லை என்று நினைத்துவிட்டால்?

"காலைல ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளருங்க. ஊட்டுல எல்லாம் இருக்குதுங்க" என்றேன். குரலில் ஒரு தடுக்கல் இல்லை.

அப்படியும் தேய்கிறதா என்று டாக்டர் யோசிக்க ஆரம்பித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாவின் வெட்கம் முழுதாக எனக்கு வந்து சேர்ந்த நாள் அதுதான், ஆனால் என்னைக் காட்டிக்கொடுத்துக் காப்பாற்ற அந்த அறையில் யாரும் இல்லை.